மூன்று மெட்ரோ நிலையங்களுக்கு நடுவே ஒரு சுல்தான்

டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் ஹவுஸ் காஸ், பஞ்ச்ஷீல் பார்க், சிராக் டெல்லி என்று அடுத்தடுத்து மூன்று நிலையங்கள் வரும். மூன்றும் தரைக்குக் கீழே. கைபேசியிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் மூன்றும் கடந்துபோய்விடும். தெற்கு டெல்லியில் வாடகை வீடு தேடி அலைந்த யாரைக் கேட்டாலும், நம் கைக்கு எட்டாத பேட்டைகள் என்று பெருமூச்சு விடுவார்கள்.

இந்த மூன்று பேட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால் 1296 முதல் 1316 வரை டெல்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜியின் கதையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முதல் நிலையம் அவர் வெட்டிய குளம். இரண்டாவது அவர் எழுப்பிய மதிலின் ஓரம். மூன்றாவது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரு சூஃபிப் பெரியவர் அடங்கிய இடம். சினிமா நமக்குக் காட்டிய கில்ஜி வேறு ஆள். இந்தத் தெருக்களில் தெரிபவர் பயந்துபோன ஒரு நகர நிர்வாகி. 1303இல் ஒருமுறை நன்றாகப் பயந்தார். அந்தப் பயத்திலிருந்துதான் மதில், சேனை, சந்தை, விலைப்பட்டியல் எல்லாம் வந்தன.

அவர் ஆட்சிக்கு வந்தபோது டெல்லி என்ற ஊர் இப்போதைய டெல்லியின் தென்மேற்கு மூலையில் இருந்தது. குதுப் மினார் இருக்கும் மெஹ்ரௌலிதான் அன்றைய டெல்லி. யமுனைக் கரையில் கிலோக்ரி என்ற இடத்தில் அடிமை வம்சத்தின் கடைசிக் காலத்தில் ஓர் அரண்மனை எழுந்தது. 1290இல் அலாவுதீனுடைய அப்பாவின் சகோதரர் ஜலாலுதீன் அரசைக் கைப்பற்றியபோது பழைய டெல்லிக்குள் நுழையத் தயங்கி, அந்தக் கிலோக்ரியில்தான் முடிசூடிக்கொண்டார். ஊர்க்காரர்கள் கில்ஜிகளை ஏற்கவில்லை என்பது காரணம். கிலோக்ரியை அப்போது புதுநகரம் என்றார்கள். இன்று மகாராணி பாக் அருகே ரிங் ரோடு ஓரத்தில் கிலோகரி என்ற கிராமப் பெயராக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜலாலுதீனுக்கு அலாவுதீன் உடன்பிறந்தவரின் மகன் மட்டுமல்ல, மருமகனும்கூட. கங்கைக் கரையில் கடா என்ற ஊரின் ஆளுநராக இருந்த அவர், சுல்தானிடம் சொல்லாமலே 1296இல் தேவகிரி வரை போய்க் கொள்ளையடித்துத் திரும்பினார். மருமகனைப் பார்க்கப் படகில் வந்த மாமனாரை அங்கேயே கொன்றார். அப்புறம் டெல்லி நோக்கிப் புறப்பட்டார். ஒவ்வொரு தங்கலிலும் கவண்பொறி வைத்துத் தங்கக் காசுகளைக் கூட்டத்துக்குள் வீசினார் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரனி. கோட்டைச் சுவரை உடைக்கக் கல் வீசும் இயந்திரம் அது! ஓட்டுக்குப் பணம் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசிக்கலாம். டெல்லியை நெருங்கியதும் அவர் கூடாரம் அடித்த வெட்டவெளியின் பெயர் சிரி.

இந்தத் தகவல் ஏன் முக்கியம் என்றால், சிரி என்ற பெயருக்கு ஊரில் உலவும் விளக்கம் வேறு. பாரசீகத்தில் ‘சர்’ என்றால் தலை. எட்டாயிரம் மங்கோலியர்களின் தலைகளை அடித்தளத்தில் புதைத்துக் கோட்டை கட்டியதால் சிரி என்று பெயர் வந்ததாம். வெட்டிய தலைகளும் ரத்தமும் மதிலுக்குள் போனதாக அவைக் கவிஞர் அமீர் குஸ்ரோவும் அலங்காரமாக எழுதியிருக்கிறார். ஆனால் மதில் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1296இலேயே, அந்த வெளிக்குப் பெயர் சிரிதான். தலைக் கதை பெயரைப் பார்த்துப் பின்னால் முளைத்தது. ஊர்ப்பெயர்க் கதைகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

சரி, 1303க்கு வருவோம்.

மங்கோலியர் வருவது டெல்லிக்குப் புதிதில்லை. 1299இல் குத்லுக் குவாஜா தலைமையில் டெல்லிக்கு அருகே கீலி வரை வந்துவிட்டார்கள். அந்தப் போரில் அலாவுதீனின் தலைசிறந்த தளபதி ஜஃபர் கான் செத்துப்போனார். நான்கு ஆண்டுகள் கழித்து தரகாய் என்பவர் வந்த நேரம்தான் மிகக் கெட்ட நேரம். அலாவுதீன் அப்போதுதான் சித்தூரைப் பிடித்துவிட்டுக் களைத்த படையோடு திரும்பியிருந்தார். இன்னொரு படையை வாரங்கல்லுக்கு அனுப்பியிருந்தார். அது தோற்று, மழையில் நைந்து, பாதியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தரகாயின் ஆட்கள் யமுனைக் கரையில் இறங்கி, டெல்லிக்கு வரும் வழிகளை அடைத்துவிட்டார்கள். உதவிக்குப் படை உள்ளே வர முடியவில்லை. தானிய வண்டியும் வரவில்லை, விறகும் வரவில்லை.

சுல்தான் சிரி வெளியில் அகழி தோண்டி அதற்குள் உட்கார்ந்துகொண்டார். சித்தூரை வென்ற கையோடு, சொந்த ஊரின் வாசலில் குழிக்குள் பதுங்கவேண்டிய நிலை. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு தரகாய் தானாகவே திரும்பிப் போனார். ஏன் போனார் என்று பரனிக்கே விளங்கவில்லை. ஏழைகளின் பிரார்த்தனை என்று எழுதி முடித்துக்கொண்டார்.

தப்பித்த மனிதர் செய்த முதல் வேலை, குழி தோண்டிய அதே இடத்தில் மதில் எழுப்பியது. மெஹ்ரௌலிக்கு வடகிழக்கே சிரி என்ற புதிய நகரம் அப்படித்தான் வந்தது. உள்ளே ஆயிரம் தூண் அரண்மனை ஒன்றும் எழுந்தது, ஹஜார் சுதூன் என்று பெயர். பழைய டெல்லியின் மதிலையும் செப்பனிட்டார். டெல்லியின் ‘ஏழு நகரங்கள்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எண்ணும் வரிசையில் சிரி இரண்டாவது. பலர் இதை ஓர் அரசனின் ஆடம்பரத் தலைநகராக நினைக்கிறார்கள். அடிப்படையில் அது ஒரு பாசறை. மதில் பிறகு வந்தது.

பாசறைக்குத் தண்ணீர் வேண்டுமே. சிரிக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மழைநீர் இறங்கி வரும் தாழ்வான நிலத்தில் ஒரு பெரிய குளம் வெட்டினார்கள். ஹவுஸ்-இ-அலாய், அலாவுதீனின் குளம். ஹவுஸ் காஸ் என்றால் சிறப்புக் குளம், அரசுக் குளம் என்று பொருள். டெல்லிக்கு அதற்கு முன்பே இல்துத்மிஷ் வெட்டிய ஹவுஸ்-இ-ஷம்சி இருந்தது, மெஹ்ரௌலியில் இன்றும் இருக்கிறது. இது அதைவிடப் பெரியது என்று மொராக்கோப் பயணி இபுன் பதூதா சாட்சி சொல்கிறார்.

இபுன் பதூதா 1334இல் டெல்லி வந்தவர். அலாவுதீன் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குளத்தைச் சுற்றி நாற்பது மண்டபங்கள் இருந்தன, அங்கே பாடகர்களும் இசைக் கலைஞர்களும் குடியிருந்தார்கள், அவர்களுக்கென்று தனிக் கடைத்தெருவும் பள்ளிவாசலும் இருந்தன, அந்தப் பேட்டைக்கு தரப்-ஆபாத் என்று பெயர் என்கிறார். தரப் என்றால் இசை தரும் குதூகலம். பாடுகிற பெண்கள் ரமலான் இரவுத் தொழுகையில் கூட்டமாகக் கலந்துகொண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு ஹவுஸ் காஸ் வில்லேஜ் என்றால் சனிக்கிழமை ராத்திரி, மொட்டைமாடி உணவகம், கிட்டார், ஒலிபெருக்கி. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பும் அதே கரையில் அதே தொழில் நடந்திருக்கிறது. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் இதைத் தொடர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சும்மா விட மனம் வரவில்லை.

குளம் சீக்கிரமே தூர்ந்துபோனது. கால்வாய்கள் அடைபட்டன. பிரோஸ் ஷா துக்ளக் 1350களில் தூர்வாரி, கரைமேல் ஒரு பெரிய மதரசாவைக் கட்டினார், தன் கல்லறையையும் அங்கேயே வைத்துக்கொண்டார். இன்று ஹவுஸ் காஸ் போய் நாம் படம் எடுக்கும் தூண் மண்டபங்கள், படிக்கட்டுகள் எல்லாம் பிரோஸ் ஷா கட்டியவை. விளைவு என்ன? 1398இல் தைமூர் போர் முடித்து இந்தக் கரையில் பாசறை போட்டபோது, அவருடைய வரலாற்றைச் சொல்லும் நூல் இதை பிரோஸ் ஷா வெட்டிய குளம் என்றே எழுதிவிட்டது. வெட்டியவர் பெயர் நூறு ஆண்டுகூடத் தாங்கவில்லை. தூர்வாரியவருக்குப் பெயர் போய்விட்டது. நம் ஊர்க் கண்மாய்களின் கதையும் அநேகமாக இதுதான்.

இப்போது இருக்கும் ஏரி பழைய குளத்தின் ஒரு பகுதிதான். பூங்காவுக்குள் முண்டா கும்பத் என்று மேல்தளம் இழந்த ஒரு கட்டடம் மேட்டில் நிற்கிறது. அது முன்பு குளத்தின் நடுவே இருந்தது என்கிறார்கள். இன்று அதைச் சுற்றி மரமும் நடைபாதையும். இருபதாம் நூற்றாண்டில் ஏரி முழுக்க வறண்டும் போனது. 2000களில் சுத்திகரித்த கழிவுநீரை விட்டு மறுபடி நிரப்பினார்கள்.

அடுத்து சந்தை. அலாவுதீனின் ஆட்சியில் எனக்கு மிகவும் வியப்பானது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

மதில் மட்டும் போதாது, நிரந்தரமான பெரிய குதிரைப்படை வேண்டும் என்று சுல்தான் முடிவு செய்தார். நான்கே முக்கால் லட்சம் குதிரை வீரர்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர் பிரிஷ்தா எழுதுகிறார். எண்ணில் மிகை இருக்கலாம். ஒரு குதிரையோடு வரும் வீரனுக்கு ஆண்டுக்கு 234 டங்கா, அதாவது வெள்ளிக் காசு, சம்பளம், கூடுதல் குதிரை வைத்திருந்தால் இன்னும் 78. குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம், வீரனுக்கு அங்க அடையாளம் எழுதிய பதிவேடு. ஒருவனே இரண்டு பெயரில் சம்பளம் வாங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இவ்வளவு பேருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தால் கஜானா ஐந்தாறு ஆண்டில் காலியாகிவிடும் என்று கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால் சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதில் விலையை இறக்கினால் என்ன? இதுதான் பரனி சொல்லும் காரணம்.

கோதுமை ஒரு மணங்கு ஏழரை ஜிட்டல். பார்லி நான்கு. நெல்லரிசி ஐந்து, கடலையும் ஐந்து. ஒரு டங்காவுக்குக் கிட்டத்தட்ட 48 ஜிட்டல் என்பதால், ஒரு டங்காவை நீட்டினால் ஆறு மணங்குக்கு மேல் கோதுமை வாங்கலாம். அன்றைய டெல்லி மணங்கு ஏறக்குறைய 12 முதல் 15 கிலோ என்று மதிப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து 37 கிலோ மணங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சர்க்கரை, நெய், உப்பு, விளக்கெரிக்கும் எண்ணெய், துணி என்று பட்டியல் நீள்கிறது. முதல் தரக் குதிரை 100 முதல் 120 டங்கா, மூன்றாம் தரம் 65 முதல் 70. அடிமைகளுக்கும் விலை போட்டிருந்தார்கள். மனிதர்களும் குதிரைகளும் பக்கத்துப் பக்கத்துச் சந்தையில் விற்ற காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மலிவு விலையைப் பாராட்ட வேண்டும்.

விலையை அறிவிப்பது யாருக்கும் முடியும். பொருள் பதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். அலாவுதீன் அதற்குச் செய்தவை எல்லாம் நகரத்தின் வரைபடத்தையே மாற்றிய வேலைகள். கங்கை யமுனைக்கு இடைப்பட்ட நிலத்தின் வரியை விளைச்சலில் பாதி என்று ஆக்கி, அரசு நிலங்களில் அதைத் தானியமாகவே வசூலித்தார். அந்தத் தானியம் டெல்லிக்கு வந்து பேட்டை பேட்டையாகச் சேமிக்கப்பட்டது. அரசுத் தானியம் நிரம்பிய வீடு இரண்டு மூன்று இல்லாத மொஹல்லாவே அநேகமாக டெல்லியில் இல்லை என்கிறார் பரனி. ஊர் ஊராகத் தானியம் ஏற்றிவரும் வணிகர்களைப் பிடித்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் எழுதி வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளோடு யமுனைக் கரைக் கிராமங்களில் குடியேற்றினார்கள். தானியம் வராவிட்டால் குடும்பம் கண்ணெதிரே இருக்கிறது என்று அர்த்தம். மண்டிக்கு மேற்பார்வையாளராக மாலிக் கபூல் என்ற பெரிய அதிகாரி. அவர் அனுப்பும் அறிக்கை ஒன்று, செய்தியாளர் அனுப்புவது ஒன்று, ரகசிய ஒற்றர் அனுப்புவது இன்னொன்று. மூன்றும் தனித்தனியாக சுல்தானிடம் போகும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டில் மாலிக் கபூல் விலையை அரை ஜிட்டல் ஏற்றலாமா என்று கேட்டார். அவருக்குக் கிடைத்தது இருபது அடி. விலை ஏறவில்லை. அதற்குப் பதில் பஞ்ச காலத்தில் ஒவ்வொரு மொஹல்லாவின் மளிகைக்காரருக்கும் அந்தப் பேட்டையின் ஜனத்தொகைக்குத் தக்கபடி மண்டியிலிருந்து தினமும் தானியம் அளந்து கொடுக்கப்பட்டது. வாங்க வருபவருக்கு ஒரு தடவைக்கு அரை மணங்குதான். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

துணி, சர்க்கரை, உலர்பழம், நெய், எண்ணெய் விற்க சராய் அதல், அதாவது நீதிச் சத்திரம், என்று ஒரு தனிச் சந்தை வந்தது. பழைய டெல்லியின் பதாயூன் வாசலுக்கு உள்ளே இருந்த காலி இடத்தில் அதைக் கட்டினார்கள். இந்தப் பொருள்களை அங்கே தவிர வேறெங்கும் விற்கக் கூடாது. வெளியூரிலிருந்து துணி கொண்டுவரும் முல்தானி வணிகர்களுக்கு அரசே 20 லட்சம் டங்கா முன்பணம் கொடுத்தது. விலையுயர்ந்த பட்டு வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு எழுதி வாங்க வேண்டும், ஏனென்றால் டெல்லியில் மலிவாக வாங்கி வெளியூரில் நான்கு மடங்குக்கு விற்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். சின்னப் பையன்களைக் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் எடைபோட்டுப் பார்ப்பது சுல்தானின் இன்னொரு வழக்கம். எடை குறைந்தால் குறைந்த அளவுக்குக் கடைக்காரர் உடலிலிருந்து சதை அறுக்கப்பட்டது.

பதாயூன் வாசலுக்கு இன்னொரு கதையும் உண்டு. சதிகள் அடுத்தடுத்து நடந்தபோது, எல்லாம் மது விருந்தில்தான் ஆரம்பிக்கிறது என்று முடிவுகட்டி சுல்தான் தானே குடியை நிறுத்தினார். அரண்மனை மதுவையெல்லாம் கொண்டுபோய் அந்த வாசலில் கொட்டச் சொன்னார். மழைக்காலம் போலச் சேறாகிவிட்டதாம். குடியை விட முடியாதவர்கள் வைக்கோல் கட்டுக்குள்ளும் விறகுக் கட்டுக்குள்ளும் ஒளித்து நகருக்குள் கொண்டுவந்தார்கள். கடைசியில், வீட்டுக்குள் தனியாகக் குடித்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்று சுல்தானே இறங்கி வந்தார். கோதுமை விலையைக் கட்டிய மனிதரால் கள்ளச் சாராயத்தைக் கட்ட முடியவில்லை.

இந்த ஏற்பாடு எல்லாம் டெல்லி என்ற ஒரு நகரத்துக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும்தான் முழுமையாக ஓடியது என்பது என் வாசிப்பு. கிராமத்தில் பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் களத்திலேயே குறிப்பிட்ட விலைக்கு விற்க வேண்டியிருந்த விவசாயிக்கு இதில் என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. டெல்லியின் மலிவு விலையை அவன்தான் கொடுத்தான்.

இந்தப் பயத்துக்கு மிக மோசமான முகமும் இருந்தது. ஜலாலுதீன் காலத்தில் மதம் மாறிய மங்கோலியர் சிலர் டெல்லியைச் சுற்றிக் கிலோக்ரி, கியாஸ்பூர், இந்திரபட் போன்ற இடங்களில் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு முகல்பூர் என்று பெயர். ‘புது முஸ்லிம்கள்’ என்று இவர்களை அழைத்தார்கள். ஆட்சியின் பிற்பகுதியில் இவர்களில் சிலர் சுல்தானைக் கொல்லத் திட்டமிட்டதாகத் தகவல் வந்தது. யார் எவர் என்று பார்க்காமல், நாடு முழுக்க ஒரே நாளில் எல்லாரையும் கொல்லும்படி உத்தரவு போயிற்று. இருபது முப்பதாயிரம் பேர் என்கிறார் பரனி. ஹவுஸ் காஸ் என்கிளேவ் குடியிருப்புக்கு நடுவே சோர் மினார் என்ற குட்டைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதில் 225 துளைகள். திருடர்களின் தலைகளைச் செருகி வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. மங்கோலியர் தலைகள் என்பது இன்னொரு கதை. எது சரியோ, இந்த ஆட்சியைப் பற்றி அப்படியொரு கதை பொருந்திப்போகிறது என்பதே ஒரு செய்தி. அதைச் சுற்றி இப்போது பங்களாக்களும் நாயை நடத்திக்கொண்டு போகிறவர்களும்.

கியாஸ்பூர் என்று சொன்னேனே, அதுதான் இன்றைய நிஜாமுதீன். அங்கே வாழ்ந்த சூஃபிப் பெரியவர் நிஜாமுதீன் அவுலியாவை அலாவுதீன் கடைசிவரை சந்திக்கவில்லை. என் வீட்டுக்கு இரண்டு வாசல், சுல்தான் ஒன்றில் நுழைந்தால் நான் மற்றதில் வெளியேறிவிடுவேன் என்று அவர் சொன்னதாக மரபு. ஆனால் பட்டத்து இளவரசன் கிஸ்ர் கானே அவருக்குச் சீடன்.

தெற்கின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 1311இல் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் துவாரசமுத்திரம், மதுரை வரை வந்து கொள்ளையடித்துவிட்டு அக்டோபரில் டெல்லி திரும்பினார். பரனி கணக்கில் 612 யானைகள், அமீர் குஸ்ரோ கணக்கில் 512. நூறு யானைகள் எப்படித் தொலையும் என்று கேட்கக் கூடாது. குதுப் வளாகத்தின் அழகான அலாய் தர்வாசா மதுரைத் தங்கத்தில் கட்டியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் பொறித்திருக்கும் ஹிஜ்ரி 710 என்ற ஆண்டு 1311 மே மாதத்தோடு முடிகிறது, காபூர் திரும்புவதற்குப் பல மாதங்கள் முன்பே. பக்கத்தில் குதுப் மினாரைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு அலாய் மினார் என்று ஒன்றை ஆரம்பித்தார். ஏறக்குறைய 25 மீட்டரில் நின்றுவிட்டது. கொத்தனார் நேற்றுதான் போனதுபோல மேடும் பள்ளமுமாக இருக்கும்.

1316 ஜனவரியில் அலாவுதீன் இறந்தார். வாரிசுச் சண்டையில் கிஸ்ர் கானின் கண்கள் பறிபோயின, மாலிக் காபூரும் ஒரு மாதம் சொச்சத்தில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த மகன் முபாரக் சந்தைக் கட்டுப்பாடுகளை எல்லாம் கைவிட்டார், விலைகள் ஏறின. நான்கே ஆண்டில் முபாரக்கும் அரண்மனையில் கொலையுண்டார். பின்னால் முகமது பின் துக்ளக் சிரியையும் பழைய டெல்லியையும் மதில்களால் இணைத்து ஜஹான்பனா ஆக்கினார். பிறகு நகரம் மெல்ல யமுனைப் பக்கம் நகர, சிரி ஆளில்லாமல் போயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் ஷேர் ஷா புது நகரம் கட்டியபோது சிரியின் கற்களைப் பெயர்த்து எடுத்துப்போனார் என்கிறார்கள்.

காலியான கோட்டைக்குள் கிராமம் முளைத்தது. அதுதான் ஷாப்பூர் ஜாட். பல தலைமுறை அங்கே உழவு நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமத்து வயல்களை அரசு எடுத்துக்கொண்டது. பஞ்ச்ஷீல் பார்க் போன்ற காலனிகள் வந்தன. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக சிரி கோட்டை விளையாட்டு வளாகமும், அரங்கமும், கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் வடிவமைத்த வீரர்கள் குடியிருப்பும் கோட்டை நிலத்திலேயே எழுந்தன. வயல் போனாலும் வீடுகள் இருந்த பகுதி மட்டும் கிராமத்தாரிடம் நின்றது. 1908இல் வருவாய்த் துறை, கிராமக் குடியிருப்பைச் சுற்றி வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டது. லால் டோரா, சிவப்பு நூல். அந்தக் கோட்டுக்குள் நகராட்சியின் கட்டட விதிகள் அவ்வளவாகப் பொருந்தாது. அதனால்தான் சுற்றிலும் அகலமான சாலைகளும் மரங்களும் இருக்க, ஹவுஸ் காஸ் கிராமத்திலும் ஷாப்பூர் ஜாட்டிலும் மட்டும் இரண்டு பேர் ஒதுங்க முடியாத சந்துகளில் ஐந்து மாடிகள். வாடகை குறைவு, விதி தளர்வு. 1980களில் ஹவுஸ் காஸ் கிராமத்துக்கு ஆடை வடிவமைப்பாளர்கள் வந்தார்கள், பின்னால் ஷாப்பூர் ஜாட்டுக்கும். கல்யாண லெஹங்கா தைக்கும் கடைகளுக்கு நடுவே சிரி மதிலின் துண்டுகளும், தோஃபேவாலா கும்பத் என்ற கில்ஜி காலப் பள்ளிவாசலின் மிச்சமும் இருக்கின்றன.

இன்னும் மூன்றாவது நிலையம் பாக்கி. சிராக் டெல்லி என்ற பெயர் நிஜாமுதீனின் சீடர் நசீருதீனைக் குறிக்கும். டெல்லியின் விளக்கு என்பது அவருக்கு ஊரார் கொடுத்த பட்டம். 1356இல் மறைந்தார். அவர் அடக்கமான இடத்தைச் சுற்றிக் கிராமம் வளர்ந்தது. 1729இல் முகலாயப் பேரரசர் முகமது ஷா அதற்கு மதில் கட்டினார். இது சிரிக்குத் தென்கிழக்கே.

அலாவுதீனின் விலைக் கட்டுப்பாட்டுக்குப் படைச் செலவுதான் காரணம் என்று எழுதிய பரனி, கடைசிக் காலத்தில் வறுமையில் வாடி, நிஜாமுதீன் தர்காவுக்கு அருகே அடக்கமானவர். சிராக் டெல்லிப் பெரியவரோ வேறு காரணம் சொன்னார். அவருடைய உரையாடல்களைத் தொகுத்த கைருல் மஜாலிஸ் நூலில் அது பதிவாகியிருக்கிறது. எல்லா மக்களுக்கும் பயன்படும்படி நான் என்ன செய்யலாம் என்று சுல்தான் யோசித்தார், பொன்னைக் கொடுத்தால் எல்லாருக்கும் போய்ச் சேராது, தானியத்தை மலிவாக்கினால் சேரும் என்று முடிவு செய்தார் என்கிறது அந்தப் பதிவு. அந்தக் காலத்தில் பிச்சைக்காரர்களிடம்கூடப் பஞ்சு வைத்த அங்கி இருந்தது என்றும் அவர் நினைவுகூர்கிறார், டெல்லிக் குளிரை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இரண்டு பேருமே நிஜாமுதீனின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே நகரத்தில் ஒரே விலைகளில் வாங்கிச் சாப்பிட்டவர்கள். கணக்கைப் பார்த்தால் பரனி சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் விலை ஏறிய பிறகு ஊர் எதை நினைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு சிராக் டெல்லியின் சொல்தான் சாட்சி. ஏனென்றால் அவர் இன்னொன்றும் சொன்னார்: அலாவுதீனின் கல்லறைக்கு மக்கள் போய், நூல் கட்டி வேண்டிக்கொண்டார்கள், வேண்டியது நடந்ததாம்.

கல்லறை என்று இன்று காட்டப்படுவது குதுப் வளாகத்தில், அவர் கட்டிய மதரசாவின் தெற்குப் பக்கம். மேற்கூரை இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் இரும்புத் தூணைப் பார்த்துவிட்டு, அலாய் தர்வாசாவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் வராமலே திரும்பிவிடுகிறார்கள்.